கண் போன பிறகும் கணக்குப் போட்டவர்

இந்த மாதச் சுவர் இதழில் கணித மேதை லியோனார்டு ஆய்லரைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ல் சுவிட்சர்லாந்தில் உள்ள பாசெல் நகரில் பிறந்தார். அப்பா மதபோதகர். மகனும் போதகராக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் ஜோகன் பெர்னூலி என்ற பேராசிரியர் சனிக்கிழமைதோறும் பையனுக்குக் கணக்கில் சந்தேகம் தீர்த்து வைத்தார். பிறகு அவரே அப்பாவிடமும் பேசிச் சம்மதிக்க வைத்தார். 20 வயதில் ஆய்லர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

இப்போது ஒரு எண் வரிசையைப் பாருங்கள்: 3, 5, 17, 257, 65537. ஒரு எண்ணில் 1-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, 1-ஐக் கூட்டினால் அடுத்த எண் வரும். இவை ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசையில் வருவது எல்லாமே பகா எண்தான் என்று பிரான்சு நாட்டு மேதை ஃபெர்மா 1640-ல் நம்பினார். அடுத்த எண் 4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297!

92 வருஷம் கழித்து, 1732-ல், அது பகு எண் என்று ஆய்லர் காட்டினார். எப்படி என்று பிற்பாடு அவரே விளக்கினார். அந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்க வேண்டுமென்றால், அது 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கணும். அதனால் 193, 257, 449, 577, 641 என்று பார்த்துக்கொண்டே போனால் போதும்.

நானும் நோட்டில் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொல்றேன், காலாண்டுத் தேர்வில் கணக்கில் எனக்கு 28 மார்க்தான். எனக்குக் கணக்கு வராதுன்னு நானே முடிவு பண்ணியிருந்தேன். முதல் நான்கிலும் மீதி வந்தது. நடுவில் தப்பு விட்டு, அழித்து மறுபடி போட்டேன். 641-ல் மீதி பூஜ்ஜியம்! ஈவு 6700417. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆய்லருக்கு 1738 வாக்கில் வலது கண் பார்வை போனது. பிறகு இடது கண்ணில் புரை விழுந்தது. எங்க பாட்டிக்கும் புரை இருந்தது, சில்லறையைத் தடவித் தடவித்தான் எண்ணுவாங்க. ஆபரேஷன் செய்தபின் இப்போ அரிசியில் கல் பொறுக்குறாங்க. 1771-ல் ஆய்லருக்குச் செய்த ஆபரேஷன் பலிக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பார்வையும் போய்விட்டது.

ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. மனசிலேயே கணக்குப் போட்டு வாயால் சொல்ல, உதவியாளர்கள் எழுதினார்கள். 31 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வரும் 2147483647 பகா எண் என்று 1772-ல் அறிவித்தார். இதற்கு 46340 வரையுள்ள பகா எண்களைப் பார்க்க வேண்டும். வகுக்கவே முடியாதவற்றைக் காரணம் காட்டித் தள்ளிவிட்டு, மீதியை மட்டும் சோதித்தார்.

1783 செப்டம்பர் 18-ல், 76 வயதில் காலமானார். அன்றைக்கும் கணக்குப் போட்டிருக்கிறார்.

பெரியவர் சொன்னாலும் சரிபார்க்கணும், சரிபார்க்கப் பயப்படக் கூடாது. இதுதான் நான் கற்றுக்கொண்டது. நீங்களும் 4294967297-ஐ 641-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி வந்தால் என்னிடம் வாங்க, சேர்ந்து போடலாம்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி