எல்லைக்கோடு வகுத்த றட்கிளிப்

கட்டுரைப் பயிற்சியில் ஒரு சொல் விடுபட்டதற்காகப் புள்ளி குறைத்தால் மாணாக்கர் முகம் வாடுவர். ஒரு சொல்லால் என்ன கெட்டுவிடப் போகிறதென்று வினவுவாரும் உளர். அத்தகையோர்க்கு நான் இலக்கணச் சூத்திரம் காட்டுவதில்லை. சேர் சிறில் றட்கிளிப் என்னும் சட்ட அறிஞரின் வரலாற்றையே கூறுவேன்.

அவர் 1899ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வேல்ஸ் நாட்டிற் பிறந்தார். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1924இல் வழக்கறிஞராகி, இலண்டன் மாநகரின் தலைசிறந்த சட்டத்தரணிகளுள் ஒருவராய் விளங்கினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியத் தகவல் அமைச்சின் தலைமைப் பணிப்பாளராகவும் கடமையாற்றினார். இந்தியாவை அவர் அதுகாறும் கண்டதில்லை. எப்பக்கமும் சாராதவர் என்பதற்கு அவ்வறியாமையே தகுதியாகக் கொள்ளப்பட்டது போலும்.

1947ஆம் ஆண்டு யூலை 8ஆம் நாள் அவர் இந்தியா வந்து சேர்ந்தார். பஞ்சாபையும் வங்காளத்தையும் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்குமாகப் பிரித்தற்கு அமைந்த ஆணைக்குழுக்கள் இரண்டு. இரண்டுக்கும் தலைவர் இவரே. ஒவ்வொன்றிலும் காங்கிரஸ் சார்பில் இருவரும் முஸ்லிம் லீக் சார்பில் இருவருமாக நான்கு நீதிபதிகள் அமர்ந்தனர். அவர்கள் இருபாலாகப் பிரிந்து நின்றமையால் முடிவு முழுவதும் தலைவரின் தோள்மேல் வீழ்ந்தது. கையிலிருந்தவை 1941ஆம் ஆண்டின் குடிசனமதிப்பும் தேசப்படங்களும். கிடைத்த காலமோ ஐந்து வாரம்.

ஈண்டு வாசகர் ஒன்றனை உற்றுநோக்குதல் வேண்டும். எல்லை என்றதும் ஆறும் மலையும் முட்கம்பியும் நம் மனக்கண்முன் வரும். சட்டத்தின் கண்ணுக்கு அவையெல்லாம் அடையாளங்களே. எங்கள் ஊரில் இரு காணிகளுக்கிடையே வேலி நின்றாலும், வழக்கென்று வந்துவிட்டால் முதலிற் கேட்கப்படுவது உறுதிதான். நாடுகளுக்கிடையே ஒப்பந்தமும் தீர்ப்பும் அவ்வுறுதியின் இடத்தைப் பெறுவன. 1947ஆம் ஆண்டின் இந்திய சுதந்திரச் சட்டம், ஆணைக்குழுத் தலைவர் தம் அறிக்கையிற் கூறும் முடிவே எல்லைத் தீர்ப்பாகும் என விதித்தது. றட்கிளிப் தம் வங்காளத் தீர்ப்பில், எழுத்திற் கூறிய விவரமும் இணைத்த தேசப்படமும் மாறுபடுமாயின் எழுத்தே மேலோங்கும் என்று வகுத்தார். கோடிக்கணக்கான மக்களின் நாடு எதுவென்பதைச் சில பக்கங்களில் அடங்கிய வாக்கியங்கள் தீர்மானித்தன.

சுதந்திரம் வந்து இரு நாட்களின் பின், ஓகஸ்ட் 17இல், தீர்ப்பு வெளியாயிற்று. அதற்கிடையில் முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் பறந்தன. தீர்ப்பு வந்ததும் இரண்டும் இடம் மாறின. இடம் பெயர்ந்த மக்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். மாண்டோர் தொகை 2 இலட்சமென்றும் 20 இலட்சமென்றும் கணிப்புகள் வேறுபடும். அவ்வளவு குருதிக்கும் கோடு வகுத்தவர் ஒருவரையே பொறுப்பாக்குதல் நேர்மையாகாது. அவசரத்தை விதித்தவர்களும் பகையை வளர்த்தவர்களும் உளர். ஆயினும் அவர் தமக்குரிய 40,000 ரூபா ஊதியத்தைப் பெற மறுத்தார். தம் குறிப்புத் தாள்களை எரித்தார். பின் ஒருகாலும் இந்தியா செல்லவில்லை. நெஞ்சு சுடாதவன் இவ்வாறு செய்வானா?

தாள்கள் எரிந்தன, தீர்ப்பின் எழுத்து நின்றது. அதன் பிழையும் உடன் நின்றது. வடவங்காளத்திலே யல்பாய்குரி மாவட்டத்தின் காவற்பிரிவுகளைப் பெயர் கூறிச் செல்லும் விவரத்தில் ஒரு பிரிவின் பெயர் விடுபட்டுப் போயிற்று. தேசப்படத்திற் கோடும் பிழைபட்டது. அதனாற் பெருபாரி என்னும் ஏறத்தாழ 9 சதுர மைல் நிலத்தை 1952இல் பாகிஸ்தான் உரிமை கோரிற்று. 1958இல் நேருவும் நூனும் அதனைப் பாதியாகப் பகிர உடன்பட்டனர். 1960இல் இந்திய உச்ச நீதிமன்றமோ, நாட்டின் நிலத்தைப் பிறர்க்கு அளித்தற்கு அரசியலமைப்பையே திருத்தல் வேண்டும் எனக் கூறிற்று. திருத்தமும் அவ்வாண்டே நிறைவேறியது, நிலம் கைமாறவில்லை. 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் வங்காளதேசமாயிற்று. அரசு மாறியும் எல்லை மாறவில்லை; பழைய கோட்டையே புதிய நாடு ஏற்றது. எல்லைக்குச் சட்டம் தரும் வலிமை அத்தகையது. 1974இல் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தம் பெருபாரியை இந்தியாவுக்கு விட்டது. அவ்வொப்பந்தத்தை நிறைவேற்றும் அரசியலமைப்புத் திருத்தம் 2015இலேதான் வந்தது. விடுபட்ட ஒரு பெயருக்காக அவ்வூர் மக்கள் தாம் எந்நாட்டவராவோம் என்னும் ஐயத்தோடு எத்தனை ஆண்டு காத்திருந்தனர்!

றட்கிளிப் 1949இல் பிரபுக்கள் சபையின் நீதிபதியானார். 1956இல் சைப்பிரசுக்கு அரசியலமைப்பு வரையும் பணியும் அவரையே சேர்ந்தது. 1977ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அவர் காலமானார். கல்வியும் நேர்மையும் நிறைந்தவர் அவர். இவ்விரண்டும் இருந்தும் காலம் இல்லாதவிடத்து எழுத்து வழுவும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

கதை முடிந்ததும் வகுப்பிற் சிறிது நேரம் அமைதி நிலவும். பின்பு, புள்ளி குறைந்த மாணாக்கன் தன் கொப்பியைத் திறந்து, விடுபட்ட சொல்லைத் தானே எழுதிக்கொள்வான்.