வில்மாவின் வெற்றியில் பங்கு பெற்றோர்

ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருபவள் தனியாகவே வெற்றி மேடை ஏறுகிறாள். ஆகவே அவ்வெற்றி அவள் ஒருத்திக்கே உரியது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற வில்மா ருடால்ஃப் அம்மையாரின் வாழ்க்கை வேறொன்றைக் கற்பிக்கிறது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1940 ஜூன் 23-ஆம் நாள் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் வில்மா பிறந்தார். குறைமாதக் குழந்தை, எடை நாலரை பவுண்டுதான். இருமுறை மணந்த தந்தையின் 22 பிள்ளைகளில் இவர் 20-ஆவது. தந்தை இரயில்வேயில் சுமை தூக்கினார். தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தார்.

ஏறத்தாழ ஐந்து வயதில் இளம்பிள்ளை வாதம் அவரது இடக்காலைத் தாக்கியது. இனி நடப்பது அரிது என்றனர் மருத்துவர். அன்னையோ மனம் தளரவில்லை. கறுப்பின மக்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனை சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் நாஷ்வில் நகரில் இருந்தது. வாரந்தோறும் மகளைப் பேருந்தில் அங்கே அழைத்துச் சென்றார். வீட்டில் அண்ணன்மாரும் அக்காமாரும் முறைவைத்து நாளுக்கு நான்கு தடவை அந்தக் காலைப் பிடித்துவிட்டனர். இரும்புப் பட்டையுடன் நடந்த சிறுமி, 12 வயதில் எந்தத் துணையுமின்றி நடந்தார்!

பள்ளியில் கூடைப்பந்து ஆடிய வில்மாவின் வேகத்தைக் கண்டவர், டென்னசி மாநிலக் கல்லூரிப் பயிற்சியாளர் எட் டெம்பிள். அவர் தம் கோடைப் பயிற்சிக்கு வில்மாவை அழைத்துக்கொண்டார். அங்கே வசதிகள் குறைவு, கண்டிப்போ அதிகம். ஒரு நிமிடம் தாமதமானால் ஒரு சுற்று கூடுதலாக ஓட வேண்டும். ஒருநாள் அரைமணி நேரம் அதிகமாக உறங்கிவிட்ட வில்மா 30 சுற்றுகள் ஓட நேர்ந்தது. மறுநாள் அவர் அரைமணி முன்னதாகவே மைதானத்தில் காத்திருந்தார்.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 16. 200 மீட்டரில் தகுதிச் சுற்றிலேயே தோற்றார். எனினும் மே ஃபாக்ஸ் என்ற மூத்த வீராங்கனை தங்கையைப் போல் அவரை வழிநடத்தினார். தொடர் ஓட்டத்தில் அவ்வணி வெண்கலம் பெற்றது.

நான்கு ஆண்டுகள் கழித்து ரோமில் 100 மீட்டரை 11.0 வினாடியிலும் 200 மீட்டரை 24.0 வினாடியிலும் ஓடித் தங்கம் வென்றார். எஞ்சியது 400 மீட்டர் தொடர் ஓட்டம். மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா ஆகிய நால்வரும் டெம்பிளின் மாணவியரே. அரையிறுதியில் 44.4 வினாடியில் உலக சாதனை படைத்திருந்தனர். இறுதிப் போட்டியில் கடைசியாக வில்மாவின் கைக்குக் கோல் மாறியபோது தடுமாற்றம் நேர்ந்தது. ஜெர்மானிய வீராங்கனை முந்தினார். கோல் நழுவி விழுந்திருந்தால் உலகின் அதிவேகப் பெண்ணாலும் ஒன்றும் செய்திருக்க இயலாது. பதறாமல் கோலைப் பற்றிய வில்மா, விரைந்து முந்தி வெற்றி ஈட்டினார். ஒரே ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

சொந்த ஊரான கிளார்க்ஸ்வில் அவருக்கு வரவேற்பளிக்க விரும்பியது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி இடம் என்பதே அவ்வூர் வழக்கம். அப்படியானால் தமக்கு அவ்விழா வேண்டாம் என்றார் வில்மா. ஊர் பணிந்தது, இரு இனத்தவரும் முதன்முறையாக ஒரே விருந்தில் அமர்ந்தனர். 20 வயதுப் பெண் வென்ற வெற்றிகளுள் இதுவே பெரிது எனலாம்.

1962-இல் ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற அவர் ஆசிரியையாகவும் பயிற்சியாளராகவும் பணிபுரிந்தார். 1981-இல் இளம் விளையாட்டு வீரர்களுக்காக ஓர் அறக்கட்டளை நிறுவினார். 1994 நவம்பர் 12-ஆம் நாள் தமது 54-ஆம் வயதில் மறைந்தார்.

அன்புத் தோழியரே, அடுத்த விளையாட்டு விழாவில் முதற்பரிசு பெறுபவளுக்குக் கைதட்டும்போது, அவளை விடியலில் எழுப்பிய அன்னையையும், கண்டித்துப் பழக்கிய ஆசிரியையையும், கோலைத் தவறவிடாமல் அவள் கையில் சேர்த்த தோழியையும் நினைவில் கொள்வோம். அக்கைதட்டலில் அவர்களுக்கும் பங்குண்டு.