சொந்தக் காசில் ஆற்றுக்குப் பாலம் கட்டிய அரசு ஊழியர்... யார் இந்த சுலோச்சன முதலியார்?

நெல்லை ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினால், சில நிமிடங்களில் தாமிரபரணியைக் கடந்துவிடலாம். சுமார் 180 வருடங்களுக்கு முன்னாடி நிலைமையே வேற. இரண்டு ஊருக்கும் நடுவில் ஆறு. கடக்கணும்னா படகுதான். வெள்ளம் வந்துட்டா அதுவும் கிடையாது.

யார் இவர்?

அப்போது நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர் சுலோச்சன முதலியார். ஆங்கிலேய கலெக்டருக்குக் கீழே, வரிக் கணக்கும் கோப்புகளும் கைக்கு வந்துபோகும் பெரிய பதவி. மக்கள் படும் பாட்டை நேரில் பார்த்தவர்.

பணம் எங்கே?

பாலம் வேணும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. செலவு யார் தலையில் என்பதுதான் சிக்கல். மதிப்பீடு சுமார் 50,000 ரூபாய். அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. அந்தச் செலவை முதலியார் தன் சொந்தப் பணத்தில் ஏற்றார். அவரது மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்ற கதை நெல்லையில் இன்றும் வழங்குகிறது.

லண்டன் மாதிரி, நெல்லைப் பாலம்

பாலப் பணியில் ராணுவப் பொறியாளர் ஹார்ஸ்லி ஈடுபட்டார். லண்டன் தேம்ஸ் நதியின் வாட்டர்லூ பாலம்தான் முன்மாதிரி. 11 வளைவுகள், சுமார் 760 அடி நீளத்துடன் 1843-ல் பாலம் திறக்கப்பட்டது. அதிகாரிகளின் பெயரைப் பாலங்களுக்கு வைத்த காலத்தில், இதற்கு நிலைத்தது சுலோச்சன முதலியார் பெயர்.

சும்மா நிற்கவில்லை

அதே நூற்றாண்டிலேயே பெருவெள்ளம் ஒன்று பாலத்தின் ஒரு பகுதியை அடிச்சுட்டுப் போனது. பிறகு சரிசெய்யப்பட்டது. போக்குவரத்து பெருகியதால் பின்னாளில் அகலமும் ஆக்கப்பட்டது. 1992 வெள்ளத்தையும், 2023 டிசம்பர் வெள்ளத்தையும் தாண்டி நிற்கிறது.

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கு. முன்மாதிரியாக இருந்த பழைய வாட்டர்லூ பாலம் தூண்கள் இறங்கியதால் 1930-களில் இடிக்கப்பட்டுவிட்டது. லண்டனில் இப்போ இருப்பது புதுசு. அதைப் பார்த்துக் கட்டிய நெல்லைப் பாலத்தில் இன்னைக்கும் பஸ் ஓடுது.

கோயில் கட்டியவர்கள், குளம் வெட்டியவர்கள் பெயர்களை நாம் நிறையக் கேட்டிருக்கோம். முதலியார் கட்டியது ஒரு வழி. தினமும் அதில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் ஒரு மனிதருடையது என்று தெரியும்?