சவேரியாரும் இரண்டு சொற்களும்

எமது கடம்பத்தூருக்குத் தெற்கே திருப்பெரும்பூதூரைச் சூழ்ந்து இன்று ஜப்பானியத் தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. அந்நாட்டார் உள்ளத்தை அறிய அவர்தம் சொற்களைப் பயிலவேண்டும் என்று பலர் கூறக் கேட்கின்றோம். ஏறக்குறைய 475 ஆண்டுகளுக்கு முன்னரே அப்பயிற்சியில் இறங்கி, ஒரே சொல்லால் இடறுண்டவர் ஒருவர் உளர். அதற்கு முன்னர் நம் தமிழிலும் அங்ஙனமே இடறியவர் அவர். அவரே தூய சவேரியார்.

அவர் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நவார் நாட்டில் தோன்றினார். பாரிஸ் மாநகரில் கற்று, இஞ்ஞாசியாரின் தோழராகி, 1542ஆம் ஆண்டு மே மாதம் கோவாவை அடைந்தார். பன்மொழி பேசும் வரம் பெற்றவர் என்று பிற்காலத்தார் அவரைப் புகழ்ந்தனர். அவருடைய கடிதங்களோ வேறு கதை கூறுகின்றன.

அவ்வாண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த அவருக்குத் தாய்மொழி பாஸ்க்கு. பரதவ மக்களுக்கோ தமிழ். இருமொழியும் ஒருவாறு அறிந்த சிலரைக் கூட்டி, மிக்க உழைப்பால் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் ஊர் ஊராய்ச் சென்று சிறுவரை அழைத்துக் கற்பித்தார். விசுவாசப் பிரமாணத்தில் நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் அம்மொழிபெயர்ப்பாளர் வைத்த சொல் ‘வேணும்’ என்பது! ஏறக்குறைய ஈராண்டு கடற்கரைச் சிறாரும் முதியோரும், தெய்வத்தை நம்புவதாகக் கூறாமல், தமக்கு வேண்டுமென்றே கூறி வந்தனர். பிழை தெரிந்ததும், 1544இல் தம் துணைவர் மன்சிலாஸுக்கு எழுதி, அதனை நீக்கி ‘விசுவாசம்’ என்னும் சொல்லை அமைக்கச் செய்தார். தாமே கற்பித்ததைத் தாமே திருத்த நாணாத அவ்வுள்ளத்தை, எந்த அற்புதத்தினும் மேலாக யான் மதிக்கின்றேன்.

1545இல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிய பின் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றார். 1547இல் மலாக்காவில் அஞ்ஜிரோ என்னும் ஜப்பானியர் அவரைக் கண்டார். அவரையே துணையாகக் கொண்டு, 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ககோஷிமாவில் கரையிறங்கினார். கடவுளுக்கு ஜப்பானிய மொழியில் யாது பெயர் என வினவ, சமய நூற்பயிற்சியில்லாத அஞ்ஜிரோ ‘தைனிச்சி’ என்றார். பெருஞாயிறு என்பது அதன் பொருள். ஷிங்கோன் பௌத்தர் போற்றும் மகாவைரோசன புத்தரின் பெயர் அது. இதனை அறியாத சவேரியார் தைனிச்சியை வணங்குமாறு மக்களுக்குப் போதித்தார்.

புத்தர் பிறந்த இந்திய நாட்டினின்று வந்தவராதலின், புதியதொரு பௌத்தப் பிரிவினர் போலும் என ஜப்பானியர் கருதினர். யமகுச்சி நகரத்து ஷிங்கோன் துறவியர் அவரை மகிழ்ந்து வரவேற்றனர். அம்மகிழ்ச்சியே அவருக்கு ஐயம் விளைத்தது. திரித்துவம் முதலியவற்றை வினவ, அவர்கள் நகைத்தனர். உடனே, தைனிச்சியை வணங்காதீர் என்று தெருவெங்கும் கூறுமாறு யுவான் பெர்னாந்தஸை ஏவினார். முன்னர் வணங்கச் சொன்ன வாயே பின்னர் மறுத்ததைக் கேட்டோர் என்ன நினைத்திருப்பர்!

பின்பு ‘தெயூஸ்’ என்னும் இலத்தீன் சொல்லையே வழங்கினார். அதுவும் தப்பவில்லை. ‘தை உசோ’ என்றால் ஜப்பானியத்தில் பெரும் பொய். இவ்வொலி ஒப்புமையைக் கொண்டு துறவியர் எள்ளினர். 1555இல் பல்தசார் காகோ என்னும் குரு, இவ்வாறு இடர் தரும் சொற்கள் ஐம்பதுக்கு மேல் உள்ளன என்று எழுதினார்.

தமிழகத்தில் நிகழ்ந்தது வேறு. சவேரியார் அனுப்பிய அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை அச்சிட்டார். சைவ மடங்களில் வழங்கிய சொல்லாயிற்றே என்று அவர் அஞ்சவில்லை. தைனிச்சி ஒரு தனித் தெய்வத்தின் பெயர். தம்பிரானோ தலைவன் எனப் பொதுவில் நிற்பது. வேற்றுமை இதுவே என எனக்குத் தோன்றுகிறது.

இவ்வுண்மை சீனருக்கு ஏன் தெரியவில்லை என ஜப்பானியர் கேட்ட கேள்வி சவேரியாரைச் சீனத்தை நோக்கிச் செலுத்தியது. அக்கரை சேருமுன், சாங்சுவான் தீவில் 1552ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் உயிர்நீத்தார். காய்ச்சல் மிகுந்த வேளையில், அருகிலிருந்த அந்தோனி என்னும் சீன இளைஞனுக்கு விளங்காத மொழியொன்றில் பேசிக்கொண்டிருந்தாராம். அது அவர் பிள்ளைப் பருவத்துப் பாஸ்க்கு மொழியாயிருக்கலாம் என்பர்.