தேள் சின்னம் தந்த கார்லோ அபார்த்

புதியதொன்றைப் படைத்தோரை உலகம் போற்றுகிறது. முன்னரே உள்ள பொருளைத் திருத்தி மேன்மையுறச் செய்தோரை அது அத்துணை நினைப்பதில்லை. மோட்டார் வண்டித் துறையில் அவ்வாறு திருத்துந் தொழிலையே தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டு, அதனாலேயே பெரும்புகழ் எய்தியவர் ஒருவர் உளர். அவரே கார்லோ அபார்த். அவர் வரலாற்றை நம் சங்க மலரில் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு.

நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று சொந்தமாக மோட்டார் சைக்கிளும் காரும் வைத்துள்ளனர். வாங்கிய ஆறு திங்களுக்குள் அதன் சைலன்சரை மாற்றவும், எஞ்சினின் வலிவைக் கூட்டவும் அவர்களுக்கு ஆவல் பிறந்துவிடுகிறது. தொழிற்சாலையே சோதித்து ஒப்புதல் அளித்த வேகச் சாதனத் தொகுதியை வாங்கிப் பொருத்துவதா, தெருமுனைப் பட்டறையில் நாமே மாற்றிக்கொள்வதா என்ற வினா வீடுதோறும் எழுகிறது. தந்தையர் அஞ்சுகின்றனர், மைந்தர் சினக்கின்றனர். அபார்த் இவ்விரு கரையிலும் நின்றவர். ஆதலின் அவர் வாழ்க்கை இருசாரார்க்கும் பயன்படும் என்று கருதுகிறோம்.

அபார்த் 1908ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கார்ல். பிற்காலத்தில் இத்தாலிய நாட்டவரானபின் அது கார்லோ என்றாயிற்று. மேனாட்டார் கணக்கின்படி அவர் விருச்சிக ராசியினர். அதனாலேயே தம் வண்டிகளுக்குத் தேளைச் சின்னமாக்கினார். சிறுவனாயிருந்தபோது, காலால் உந்திச் செலுத்தும் மரவண்டியின் சக்கரங்களைச் சுற்றித் தோல் இடைவாரைப் பொருத்தி, தம்மினும் மூத்த பிள்ளைகளை ஓட்டத்தில் வென்றார் என்று கூறுவர். பிற்காலத் தொழிலின் வித்து அங்கே காணப்படுகிறது.

இளமையில் மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் உழைத்து, 1928 முதல் பந்தயங்களில் இறங்கினார். தம் வண்டியைத் தாமே அமைத்துத் தாமே ஓட்டினார். 1930ஆம் ஆண்டு லின்ஸ் நகரில் நேர்ந்த கடும் விபத்துக்குப்பின், பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்.

இருப்புப்பாதைத் துறையில் பணிபுரியும் நம்மைப் போன்றோர்க்குச் சுவை தரும் நிகழ்ச்சி 1934ஆம் ஆண்டிற்கு உரியது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் தொடர்வண்டியைத் தம் பக்கப்பெட்டி வண்டியால் முந்துவதென்று அவர் துணிந்தார். வியன்னாவிலிருந்து பெல்ஜிய நாட்டுக் கடற்கரையாகிய ஆஸ்டெண்ட் வரை ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். போகும்போது மின்சாரக் கோளாறு ஏற்பட்டு வண்டி தடைப்பட்டது, தொடர்வண்டியே வென்றது. அவர் மனந்தளரவில்லை. பழுது நீக்கித் திரும்பும் வழியில் மீண்டும் போட்டியிட்டு, 20 நிமிடம் முன்னதாக வியன்னா சேர்ந்தார். நம் துறைக்கு இது தோல்வியே எனினும், அவர் திறனை மெச்சாதிருத்தல் இயலாது.

இவ்வளவும் தன் கையே தனக்குதவி என்ற முறையில் நிகழ்ந்தவை. அம்முறையின் விலையையும் அவர் கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் தொடங்கும் தறுவாயில், யூகோஸ்லாவியாவிலிருந்த லியூப்லியானா நகரில் மற்றொரு கொடிய விபத்து நேர்ந்தது. நெடுங்காலம் மருத்துவமனையிற் கிடந்தார். மோட்டார் சைக்கிள் பந்தய வாழ்வு அத்துடன் முடிந்தது. போர்க்காலத்தை அந்நகரிலேயே கழித்து, போர் ஓய்ந்தபின் இத்தாலி சென்றார்.

அங்குப் பியரோ டூசியோ என்னும் செல்வர் நடத்திய சிசிட்டாலியா பந்தயக் கார் நிறுவனத்தில் பணியேற்றார். பெருஞ்செலவால் அந்நிறுவனம் நொடித்தது. எஞ்சிய சில வண்டிகளையும் உதிரிப் பகுதிகளையும் கொண்டு, 1949ஆம் ஆண்டு அபார்த் தம் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். அது விரைவில் டூரின் நகரில் நிலைகொண்டது. 1950ஆம் ஆண்டு ஏப்ரலில், பலெர்மோ நகரையடுத்த மலைப்பாதைப் பந்தயத்தில், பெருவீரர் நுவோலாரி அபார்த்தின் வண்டியை ஓட்டித் தம் பிரிவில் முதலிடம் பெற்றார். அவ்வீரரின் கடைசி வெற்றி அதுவே.

பந்தயம் புகழ் தரும். உணவு தருவது அரிது. அபார்த்துக்கு உணவு தந்தது சைலன்சர். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று எத்துணை முக்கியமோ, எரிந்த புகை தடையின்றி வெளியேறுவதும் அத்துணை முக்கியம். புகை தேங்கினால் அடுத்த மூச்சு குறையும். மூச்சுக் குறைந்தால் வலிவு குறையும். இதனை ஆய்ந்து, ஒவ்வொரு கார் வகைக்கும் தனித்தனியே அளவெடுத்த புகைபோக்கிகளை அவர் செய்தார். கருநிறம் பூசிய அவ்வுருப்புகள் உலகெங்கும் சென்றன. 1962ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்டவை செய்யப்பட்டன என்பர். அவற்றிற் பெரும்பகுதி ஏற்றுமதியாயிற்று.

இனி அவருடைய தலையாய பணிக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு பியட் நிறுவனம் 600 என்னும் சிறு காரை வெளியிட்டது. அது எளிய குடும்பத்தார் வாங்கத்தக்கது. எஞ்சினின் கொள்ளளவு 633 கன சென்டிமீட்டர். வலிவு 22 குதிரைத்திறனுக்கும் குறைவு. அபார்த் அதன் சிலிண்டர் விட்டத்தை 60 மில்லிமீட்டரிலிருந்து 61 ஆகச் சிறிதே பெருக்கினார். பிஸ்டன் மேலுங்கீழும் செல்லும் தொலைவை 56 மில்லிமீட்டரிலிருந்து 64 ஆக உயர்த்தப் புதிய கிராங்க் தண்டு செய்தார். கொள்ளளவு 747 ஆயிற்று. பெரிய கார்புரேட்டரும், வேறு வடிவக் கேம் தண்டும், தம் புகைபோக்கியும் சேர, வலிவு ஏறக்குறைய இருமடங்காயிற்று.

இதனைத் தம் பட்டறைக்கு வந்தோர்க்கு மட்டும் செய்து கொடுத்திருப்பின் அவர் ஓர் உள்ளூர்க் கைவினைஞராகவே மறைந்திருப்பார். அவர் செய்த புதுமை, இவ்வுறுப்புகள் அனைத்தையும் ஒரு பெட்டியில் அடுக்கி விற்றமையே. எவ்வூர் மெக்கானிக்கும் அப்பெட்டியைத் திறந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தலாம். தம் கைத்திறனைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, முகமறியாத ஒருவனுக்கு அனுப்பினார் எனலாம். அதிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் மற்றதை அறிந்து செய்யப்பட்டது.

இவ்விடத்தில் நம் தொழிலிலிருந்து ஓர் உவமை கூறுவோம். ஒரு பகுதியில் தொடர்வண்டியின் வேகத்தை உயர்த்த வேண்டுமெனின், வலிய எஞ்சினைப் பூட்டிவிட்டால் போதாது. தண்டவாளம் தாங்குமா, பாலம் பொறுக்குமா, பிரேக் பிடித்தால் எத்தனை மீட்டரில் நிற்கும், சிக்னல் அதற்கேற்பத் தொலைவில் உள்ளதா என்பனவெல்லாம் ஆராயப்பட்டு, பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதலும் பெறப்படும். காரும் அத்தகையதே. வலிவைக் கூட்டினால் வெப்பம் கூடும். வேகம் கூடினால் பிரேக்கின் சுமை கூடும். ஒன்றை மாற்றி மற்றதை மறப்பதே வீட்டுமுறை மாற்றத்தின் பெருங்கேடு.

அபார்த்தின் திறனைத் தொழிற்சாலை ஒப்புக்கொண்ட வரலாறும் சுவையானது. 1957ஆம் ஆண்டு பியட் வெளியிட்ட 500 என்னும் மிகச்சிறு காரை மக்கள் தொடக்கத்தில் விரும்பவில்லை. வலிவு 13 குதிரைத்திறனே. அபார்த் கொள்ளளவை மாற்றாமலே அதனை 26 குதிரைத்திறனாக்கி, 1958ஆம் ஆண்டு பிப்ரவரியில் மோன்சா பந்தயத்திடலில் ஓட்டச் செய்தார். ஓட்டுநர்கள் மாறிமாறி அமர, வண்டி ஏழு பகலும் ஏழு இரவும் ஓடியது. கடந்த தொலைவு 18,186 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 108 கிலோமீட்டருக்கு மேல். சிறு கார் உறுதியற்றது என்ற ஐயம் அகன்றது. அதன்பின், அபார்த் பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் சாதனைக்கும் பணம் தரப் பியட் இசைந்தது. வெளியாள் செய்த மாற்றம் இவ்வாறு தொழிற்சாலையின் ஆதரவைப் பெற்றது. 1963ஆம் ஆண்டு வந்த அபார்த் 595 என்னும் 27 குதிரைத்திறன் வண்டி சாதாரண மக்களின் பந்தயக் கனவை நிறைவேற்றியது.

அவர் முதலாளியாகி இருக்கையில் அமர்ந்துவிடவில்லை. 1965ஆம் ஆண்டு அக்டோபரில், 57 வயது நிறையும் வேளையில், தாமே சாதனை வண்டியை ஓட்ட விரும்பினார். வண்டியின் இருக்கை மிகக் குறுகியது. ஆப்பிள் பழத்தையே உணவாகக் கொண்டு 30 கிலோ எடை குறைத்து அதனுள் அமர்ந்தார். அவ்வாறு மோன்சாவில் தம் நிறுவனத்தின் 100ஆவது சாதனையை நிறைவேற்றினார். வண்டியை மாற்றுவதற்கு முன் தம்மையே மாற்றிக்கொண்ட பெருமகன்!

ஆயினும் பந்தயச் செலவு பெருகிற்று. 1971ஆம் ஆண்டு தம் நிறுவனத்தைப் பியட்டுக்கே விற்றார். பந்தயத்திற்கென்றே தனியாக அமைத்த கார்களின் பணி ஒசெல்லா என்பாரிடம் சென்றது. அபார்த் பட்டறை பியட்டின் பந்தயப் பிரிவாயிற்று. அபார்த் பெயர் தாங்கிய பியட் 131 வண்டி 1977, 1978, 1980 ஆகிய ஆண்டுகளில் உலக ராலிப் பட்டத்தை வென்றது. ஆனால் கடைசி வெற்றியைக் காண அவர் இல்லை. பிறந்த வியன்னாவுக்கே மீண்ட அவர், 1979ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் அங்குக் காலமானார்.

பெயர் மட்டும் அழியவில்லை. 2007இல் பியட் அதனை மீண்டும் தனிச் சின்னமாக்கியது. அடுத்த ஆண்டு, 135 குதிரைத்திறன் கொண்ட அபார்த் 500 காரை 160 ஆக உயர்த்தும் தொகுதியை, பழைய நினைவு தோன்ற மரப்பெட்டியிலேயே விற்றது. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டு, புனேயை அடுத்த ரஞ்சன்காவ் ஆலையிலிருந்து 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்டோ வெளிவந்து, சில ஆண்டுகள் விற்பனையாயிற்று.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? தொழிற்சாலைத் தொகுதி உயர்ந்தது, சொந்த முயற்சி தாழ்ந்தது என்று சொல்லிவிடுதல் எளிது. அது முழு உண்மையன்று. தம் கையால் வண்டியைத் திருத்திய ஓர் இளைஞன் இல்லாதிருந்தால் அப்பெட்டி பிறந்திராது. எல்லோரும் பெட்டிக்கே காத்திருந்தால் நாளைய பெட்டியைச் செய்வோர் எவர்? ஆனால் தனக்கென்று துணிந்து செய்பவன் தன் உயிரை மட்டுமே பணயம் வைப்பதாக எண்ணுகிறான். சாலையில் நடந்து செல்லும் முதியவரும், பின்னிருக்கையில் அமர்ந்த தங்கையும் அப்பணயத்தில் சேர்க்கப்பட்டுவிடுகின்றனர். ஒரு பொருளின்மேல் தன் பெயரைப் பொறித்து ஆயிரம் பேருக்கு விற்பவனோ, அவ்வாயிரம் பேருக்கும் பொறுப்பேற்கிறான். தேள் சின்னத்தின் மதிப்பு அப்பொறுப்பே.

நம் நாட்டுச் சட்டமும் இதனை நோக்கியே செல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறுபடும் வண்ணம் உரிமையாளர் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆர்வமுடைய இளைஞர் இதனால் மனஞ்சோர வேண்டுவதில்லை. எஞ்சினைக் கழற்றிப் பூட்டக் கற்கலாம். தொழிற்பயிற்சி நிலையத்திலும் பொறியியற் கல்லூரியிலும் அத்திறனை வளர்க்கலாம். விரைவோட்டத்தைப் பந்தயத்திடலுக்கென்று வைத்துக்கொள்ளலாம். பெற்றோரும் கைகளில் எண்ணெய்க் கறை கண்ட மாத்திரத்தில் வெகுளாது, அக்கறைக்குப் பின்னுள்ள அறிவை வளர்க்க முற்பட வேண்டும்.

தோல் இடைவாரில் தொடங்கிய ஒரு சிறுவனின் ஆர்வம் உலகறிந்த சின்னமாக வளர்ந்தது. நம் சங்கத்துச் சிறாரிடையேயும் அத்தகைய ஆர்வம் உண்டு. அது அளந்து செய்யும் பொறுமையோடும் பிறர் உயிரைப் பேணும் பொறுப்போடும் கூடி வளர்க என்று வாழ்த்துகிறோம்.