வெறுங்காலில் ஆடி கிளாஸ்கோவை அசத்திய இந்தியர்... யார் இந்த முகமது சலீம்?

மாமல்லபுரம், கோவளம் பக்கம் சாயங்காலம் போனால், செருப்பைக் கழற்றி கோல் போஸ்ட்டாக வைத்துவிட்டு பசங்க வெறுங்காலில் பந்தை விரட்டுவதைப் பார்க்கலாம். அதே வெறுங்காலோடு 1936-லேயே ஐரோப்பாவின் பெரிய கிளப் ஒன்றுக்காகக் களமிறங்கியவர் முகமது சலீம். ஐரோப்பிய கிளப்புக்கு ஆடிய முதல் இந்தியராகக் கருதப்படுபவர்.

யார் இவர்?

கொல்கத்தாவின் மெட்டியாபுரூஸில் 1904-ல் பிறந்தவர் சலீம். வலது ஓரத்தில் பந்தோடு பறந்து, ஸ்ட்ரைக்கரின் காலுக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதில் கில்லாடி. இவர் ஆடிய முகமதன் ஸ்போர்ட்டிங் அணி, 1934-ல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய கிளப் ஆனது. அதோடு நிற்காமல் 1938 வரை தொடர்ந்து 5 முறை பட்டத்தைத் தட்டியது. பிரிட்டிஷ் ராணுவ அணிகளும் வெள்ளையர் கிளப்களும் கோலோச்சிய லீக் அது. அதனால் அந்த வெற்றியை மக்கள் வெறும் விளையாட்டாகப் பார்க்கவில்லை.

ஆளைக் காணோம்!

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கிற்குப் போகும் வழியில் சீன அணி கொல்கத்தாவில் ஆடியது. முதல் ஆட்டத்தில் சலீம் அசத்தினார். அடுத்த ஆட்டத்துக்குத் தேடினால் ஆளையே காணோம்! இங்கிலாந்தில் இருந்த உறவினர் ஹாஷிம், ஐரோப்பாவில் ஆடிப் பார்க்கலாம் என்று சொல்ல, சலீம் கப்பல் ஏறிவிட்டார்.

கிளாஸ்கோவில் என்ன நடந்தது?

இருவரும் போய் நின்றது ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப் வாசலில். பூட்ஸ் போட்ட தொழில்முறை வீரர்களுக்கு எதிராக வெறுங்காலில் ஒருவரா என்று மேனேஜர் வில்லி மேலிக்குத் தயக்கம். பயிற்சி ஆட்டத்தைப் பார்த்ததும் அந்தத் தயக்கம் போய்விட்டது. கிளப்பின் ஜிம்மி மெக்மெனமி, சலீமின் பாதங்களில் துணிக்கட்டு கட்டிவிடும் புகைப்படம் இன்றும் பிரபலம்.

அவர் ஆடியது 2 ஆட்டங்கள். முதன்மை லீக்கில் அல்ல, செல்டிக்கின் இரண்டாம் நிலை அணிக்காக. ஹாமில்டனை 5-1, கால்ஸ்டனை 7-1 என செல்டிக் வென்றது. கால்ஸ்டனுக்கு எதிரான 7 கோல்களில் 3 கோல்கள் சலீமின் நகர்வுகளால் வந்தவை. உள்ளூர் பத்திரிகைகள் அவரை வித்தைக்காரரோடு ஒப்பிட்டுக் கொண்டாடின.

அப்புறம் ஏன் திரும்பினார்?

ஊர் ஞாபகம்தான். சீசன் முழுக்க இருக்கச் சொல்லி செல்டிக் கேட்டும் மனசு ஒட்டவில்லை. அவருக்காக ஒரு நிதி ஆட்டம் நடத்தி வசூலில் பங்கு தர கிளப் முன்வந்தது. அந்தப் பணத்தையும் ஆதரவற்ற குழந்தைகளுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு, மறுபடி முகமதன் ஜெர்சியைப் போட்டுக்கொண்டார்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் 1-2 என தோற்ற இந்திய அணியிலும் பலர் வெறுங்காலில்தான் ஆடினார்கள். உலகம் அதை ஆச்சரியமாகப் பார்த்தது. செல்டிக் ரசிகர்களுக்கோ அது 12 வருஷப் பழைய கதை.

மறந்துவிட்டார்களா?

வயதான காலத்தில் சலீம் நோயில் விழுந்தபோது, சிகிச்சைக்கு உதவி கேட்டு அவருடைய மகன் செல்டிக்கிற்குக் கடிதம் எழுதினார். பணம் நோக்கமில்லை, அப்பாவை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதினார். பதில் வந்தது, கூடவே 100 பவுண்டுக்கு வங்கி டிராஃப்ட்!

1980-ல் சலீம் மறைந்தார். அந்த டிராஃப்டை மகன் பணமாக மாற்றவே இல்லை. அப்பாவின் நினைவாகப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார்.