முகவரிகளின் கணக்குப்பிள்ளை

போன மாசம் நம்ம சிம்போசிய வெப்சைட்டை கிளவுட் ஸ்டோரேஜில் ஏத்திட்டு, வாங்கி வெச்ச டொமைனை ஒரு சிஎன்ஏம் ரெக்கார்டு போட்டு இணைச்சோம். அடையாறு டீக்கடை வாசல்ல ரிஃப்ரெஷ் பண்ணியே ராத்திரி பதினொண்ணு ஆச்சு. தப்பு எங்களுதுதான். பிரவுசர் நம்ம டொமைன் பேரைச் சொல்லித்தான் பக்கத்தைக் கேட்கும். ஸ்டோரேஜ் அதே பேர்ல பக்கெட்டைத் தேடும். நாங்க வேற பேர் வெச்சிருந்தோம்.

இந்தப் பெயர் ஏற்பாடு யாரு செஞ்சதுன்னு தேடினப்போ கிடைச்சவர் ஜான் போஸ்டல்.

1943-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். 1969-இல் அர்பாநெட்டின் முதல் கணு யுசிஎல்ஏ-வில் அமைந்தபோது அங்கே மாணவர். நீண்ட தாடி, செருப்பு, அதிகம் பேசாத சுபாவம். இணைய விதிகளான ஆர்.எஃப்.சி ஆவணங்களைத் தொகுத்ததும், யாருக்கு எந்த எண் என்று கணக்கு வைத்ததும் அவர்தான். சாகும்வரை அதை விடவில்லை.

அப்போ எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஃபைலில் இருந்தன. எல்லாரும் அதை டவுன்லோடு பண்ணணும். நெட்வொர்க் பெருக, அது தாங்கவில்லை. மாற்று வழி பார்க்கும் வேலையை போஸ்டல் தன் சக ஊழியர் பால் மொக்கபெட்ரிஸிடம் கொடுத்தார். 1983 நவம்பரில் டிஎன்எஸ் வந்தது; நாம போட்ட சிஎன்ஏம் அதிலேயே இருக்கு. மயிலாப்பூர் வீடுகள்ல பழைய நம்பர், புது நம்பர்னு ரெண்டு இருந்தாலும் தபால்காரர் பேரை வெச்சே வந்துடுவார் இல்லையா, அதுமாதிரி: எண் மாறலாம், பேர் மாறாது. மறுவருஷம் .காம், .எடு, .ஆர்க் போன்றவற்றை வரையறுத்த ஆவணத்தை ஜாய்ஸ் ரெனால்ட்ஸுடன் சேர்ந்து எழுதினார்.

எது நாடு, எது இல்லை என்ற வம்பில் அவர் மாட்டிக்கவில்லை. ஐஎஸ்ஓ 3166 பட்டியலில் உள்ள இரண்டெழுத்தே போதும் என்றார். என் கணக்கில் அவருடைய கெட்டிக்காரத்தனம் இதுதான். இந்தியாவின் .இன் 1989-இல் வந்தது.

1998 ஜனவரியில் ஒரு சங்கடம். ரூட் சர்வர் நடத்துவோருக்கு ஒரு மெயில் அனுப்பி, இனி தன் கணினியிலிருந்து தகவல் எடுக்கச் சொன்னார். எட்டுப் பேர் மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள். அமெரிக்க அரசு அதிர்ந்தது. சோதனைதான் என்று சொல்லித் திருப்பிவிட்டார். வெறும் சோதனை என்று எனக்குத் தோணல, அரசுக்கும் தோணியிருக்காது.

அந்த செப்டம்பரில் இந்தப் பொறுப்புக்காக ஐகான் அமைப்பு உருவானது. அக்டோபர் 16-இல், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலில், 55 வயதில் போஸ்டல் இறந்தார். தமிழ் எழுத்திலேயே .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா எல்லாம் ரூட்டில் ஏறியது பன்னிரண்டு, பதிமூணு வருஷம் கழித்துத்தான்.